நம்பர் கடைக்கு வாசல் திறந்து விடுவது யார்?



மருத்துவப் பகுதியில் இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுந்து வெட்டும் கையில் வரும் வலி, இவற்றைப் பற்றித்தானே எழுத வேண்டும், சூதாட்டத்துக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கிளினிக்குக்கு வருகிறவர்களில் ஒரு சிலர் சொல்லும் குறைகளைக் கேட்டுப் பாருங்கள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல." "வயிறு எரியுது." "மாத்திர போட்டும் பிரஷர் எறங்கமாட்டேங்குது." என்ன கவலை என்று கேட்டால், "ஒன்னுமில்ல, வேலதான்" என்பார்கள். நாலு நாள் கழித்து மனைவி வந்து வேறு கதை சொல்லுவார். தாலிக்கொடி அடகில், பேங்க் கார்டு வட்டிக்காரன் கையில், பிள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ் பணம் இரண்டு மாத பாக்கி. இந்த வயிற்றெரிச்சலுக்கு வெள்ளை மருந்தை மட்டும் கொடுத்தனுப்பினால் தீருமா?

மருத்துவ உலகம் இதை நோய் என்று ஒத்துக்கொண்டு பல காலமாகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களை வகுத்து வைத்திருக்கும் நூலில் 1980-இலேயே கட்டுக்கடங்காத சூதாட்டம் இடம் பெற்றுவிட்டது. 2013-இல் வந்த பதிப்பில் அதை மது, போதைப் பொருள் பழக்கங்களோடு ஒரே வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். காரணம் இருக்கிறது. பரிசு வருமா வராதா என்று காத்திருக்கும் அந்த நேரத்தில், மூளையில் டோப்பமின் என்ற சுரப்பு வேலை செய்கிறது. கள்ளும் கஞ்சாவும் தட்டி எழுப்புகிற அதே இடம்தான். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பரிசு விழுந்தால்தான் அந்த இடம் விழிக்கும் என்பதில்லை. நாலு எண்ணில் மூன்று பொருந்தி ஒன்று தவறினாலும் அது துள்ளுகிறது. "கைக்குக் கிட்ட வந்து போச்சுப்பா!" என்று நம்மவர்கள் சொல்லுகிறார்களே, அதுதான். உண்மையில் கிட்ட வரவே இல்லை. 3746 வந்த நாளில் 3745 எடுத்தவரும் 9012 எடுத்தவரும் தோற்றது ஒரே தோல்விதான். ஆனால் மூளை அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

எப்போது விளையாட்டு, எப்போது நோய்? தீபாவளி அன்று மாமன் மச்சான் உட்கார்ந்து சில்லறை வைத்து இருபத்தொன்று ஆடுவதையெல்லாம் யாரும் நோய் என்று சொல்லவில்லை. (போலீஸ் கண்ணுக்கு அதுவும் குற்றமாகப் படலாம், அது வேறு விஷயம்.) மருத்துவர்கள் ஒன்பது குறிகளைப் பார்க்கிறார்கள். முன்பு ஐந்து வெள்ளியில் கிடைத்த கிளுகிளுப்புக்கு இப்போது ஐம்பது தேவைப்படுகிறதா? நிறுத்தினால் சிடுசிடுப்பு வருகிறதா? நிறுத்தப் பார்த்து முடியாமல் போயிற்றா? வேலைக்காட்டில் நிற்கும்போதும் நினைப்பெல்லாம் அதுதானா? மனம் சரியில்லாத நாளில் அங்கே கால் போகிறதா? விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போகிறாரா? வீட்டில் பொய் சொல்லுகிறாரா? வேலையோ குடும்பமோ ஆட்டம் காணுகிறதா? கடனை அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறாரா? ஓராண்டுக்குள் இவற்றில் நான்கு இருந்தாலே அவர் நோயாளி. திட்டினாலும் அடித்தாலும் கோயிலில் சத்தியம் வாங்கினாலும் நோய் போகாது என்பதை வீட்டிலுள்ளவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பாதிக் குடும்பங்கள் இந்தச் சத்தியத்தை நம்பித்தான் ஆண்டுக்கணக்கில் காலத்தைக் கடத்துகின்றன.

பத்து வெள்ளியின் கணக்கு

"பத்து வெள்ளிதானே, சிகரெட்டுக்குப் போகிற காசு" என்பார்கள். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம்.

நாலு நம்பர் குலுக்கலில் 0000 முதல் 9999 வரை மொத்தம் பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு. 'பெரிசு' என்று ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு பத்து எண்களுக்கு ஆளுக்கு 180, இன்னும் பத்து எண்களுக்கு 60. ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் எண்களையும் நீங்களே ஒவ்வொரு வெள்ளி போட்டு வாங்கி விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பரிசும் உங்களுக்கே! கூட்டிப் பாருங்கள். 2,500, 1,000, 500, 1,800, 600. மொத்தம் 6,400 வெள்ளி. போட்டது 10,000. அத்தனை பரிசையும் அள்ளிக்கொண்ட பிறகும் 3,600 வெள்ளி நட்டம். அதாவது ஒரு வெள்ளி கொடுத்தால் சராசரியாக 64 காசு திரும்புகிறது. 'சின்னது' கட்டினால் 65 காசு. இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. கடையில் ஒட்டியிருக்கும் பரிசுப் பட்டியலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பவர்தான் இல்லை.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புதன், சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று குலுக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி வீதம் பத்து எண். ஆண்டுக்கு 1,560 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது நினைவிருக்கும். அதற்காக எத்தனை ஆண்டு வாதாட வேண்டியிருந்தது! அப்படிப் போராடி வாங்கிய சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்துச் சம்பளம் இப்படிக் கட்டப்படுகிறது. சராசரிக் கணக்குப்படி அவருக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஏதாவது விழும். 23 பரிசில் 20 பரிசு 180-உம் 60-உம்தான் என்பதால், விழுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். முதல் பரிசு ஆறரை ஆண்டுக்கு ஒரு தடவை வரலாம். வந்தால் 2,500. அதற்குள் அவர் கட்டி முடித்தது பத்தாயிரம். ஆனால் தோட்டம் முழுக்க எதைப் பேசும்? "அவருக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் அடிச்சிருச்சு!" என்பதைத்தான். கட்டிய பத்தாயிரத்தை அவர் மனைவியைத் தவிர யாரும் எண்ணுவதில்லை.

விபத்தில் சிக்கிய காரின் நம்பர், பாம்பு வந்த வீட்டின் நம்பர், செத்துப்போன தாத்தா கனவில் வந்து சொன்ன நம்பர், சாமி வந்தவரிடம் கேட்டு வாங்கிய நம்பர் எல்லாவற்றுக்கும் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அதே வாய்ப்புதான். குலுக்கும் உருளைக்கு நம் தாத்தாவைத் தெரியாது.

இன்னொரு வகையும் லயத்தில் உண்டு. கடைக்குப் போக வேண்டாம், வீட்டு வாசலிலேயே நம்பர் எழுதிக்கொள்ளும் ஆள். கடைக்காரனைவிடக் கொஞ்சம் கூடுதல் பரிசு, கொஞ்சம் தள்ளுபடி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன்! "எழுதி வச்சிக்கிறேன், சம்பளத்துக்குக் குடு." லைசென்ஸ் உள்ள கடையில் கையில் காசிருந்தால்தான் ஆட முடியும். இவரிடம் காசில்லாதவரும் ஆடலாம். எது பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இது சட்டவிரோதம். 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன. ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சூதில் பட்ட கடனை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்க நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டமும் சொல்லுகின்றன. "கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்று யாராவது மிரட்டினால் அது வெறும் மிரட்டல்.

இரண்டு லைசென்ஸ்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நம்பர் ஆட்டத்துக்கு அனுமதி கொடுப்பது யார்? "எல்லாம் அரசாங்கம்தான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்த அரசாங்கம்?

பந்தயமும் லாட்டரியும் அரசியல் சாசனத்தின்படி மத்திய அரசின் பொறுப்பு. ஆட்டத்தை நடத்த லைசென்ஸ் கொடுப்பது புத்ராஜெயாவில் உள்ள நிதியமைச்சு. நம் பகாங் மாநிலத்திலேயே இருக்கும் கெந்திங் மலைச் சூதாட்ட விடுதியும் அப்படித்தான். 1971 முதல் நடந்து வருகிறது, நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ அதுதான். கெந்திங்கை நம்மால் அசைக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. ஒரு மலையில் கேசினோ, மறு மலையில் தேயிலை என்று பகாங் வாழ்ந்து வருகிறது. குலுக்கல் எத்தனை நாள் நடக்கலாம் என்பதும் மத்திய அரசு முடிவு செய்வது. ஆண்டுக்கு 22 ஆக இருந்த சிறப்புக் குலுக்கல்களை 2023 முதல் 8 ஆகக் குறைப்பதாக 2022 கடைசியில் அறிவித்தது அதுதான். அரசு நினைத்தால் ஆட்டத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

ஆனால் புத்ராஜெயா லைசென்ஸ் ஒன்று மட்டும் இருந்தால் கடை திறக்க முடியாது. கடை இருக்கும் கட்டடத்தில் வியாபாரம் செய்ய, வாசலில் போர்டு மாட்ட, ஊராட்சி மன்றத்தின் லைசென்சும் வேண்டும். நமக்கு அது தானா ராத்தாவில் இருக்கும் கேமரன் மலை மாவட்ட மன்றம். குப்பை அள்ளுவதும் மார்க்கெட்டைக் கவனிப்பதும் மட்டுமே மன்றத்தின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு மன்றத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் சாதாரணமானதல்ல. மன்றம் கொடுக்கும் எந்த லைசென்சுக்கும் தனக்குச் சரியென்று பட்ட நிபந்தனைகளை விதிக்கலாம். காரணம் காட்டாமலே ரத்துச் செய்யலாம். ரத்தானவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஆட்டம் புத்ராஜெயாவினுடையது, வாசல் தானா ராத்தாவினுடையது. தோட்டத்திலிருந்து புத்ராஜெயாவுக்குப் போவது சுலபமல்ல. தானா ராத்தாவுக்கு மார்க்கெட்டுக்குப் போகிற நாளிலேயே போய் வரலாம்.

இந்த வாசல் லைசென்சைக் கையில் எடுத்துக்கொண்ட மாநிலங்கள் உண்டு. கிளந்தானில் 1990-இல் ஆட்சி மாறிய பிறகு நம்பர் கடைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. கெடாவில் 2021 நவம்பரில் மாநில அரசு, சூதாட்டக் கடைகளின் லைசென்சை ஊராட்சி மன்றங்கள் இனிப் புதுப்பிக்கமாட்டா என்று அறிவித்தது. 2023 தொடக்கத்திலிருந்து கடைகள் மூடப்பட்டன. மத்திய அரசு அனுமதித்த தொழிலை மாநிலம் எப்படி நிறுத்தலாம் என்று கம்பெனிகள் நீதிமன்றத்துக்கும் போயின. அந்தச் சட்டச் சண்டையை வக்கீல்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய கேள்வி வேறு. கடையை மூடினால் நோய் குறையுமா?

இதற்கு நம் சொந்தச் சரித்திரத்திலேயே பதில் தேடலாம். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை இருந்த காலம் மூத்தவர்களுக்குத் தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. சம்பள உயர்வு கேட்ட அதே மூச்சில் அதையும் கேட்டார்கள். யுத்தம் முடிந்தபின் 1946-47-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். அந்தக் காலத்துப் பாட்டாளிக்கு இது சம்பளப் பிரச்சினை என்று நன்றாகப் புரிந்திருந்தது. முதலாளி ஒரு கையால் கொடுத்த கூலியைக் கள்ளுக்கடை மறு கையால் பிடுங்கிக்கொண்டது. ஆனால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கள்ளுக்கடை போன இடங்களில் சம்சு வந்தது. திருட்டுச் சாராயம் கள்ளைவிடப் பொல்லாதது. ஊர் ஒன்றுகூடி நிற்காத இடத்தில், கடையை மட்டும் மூடினால் பழக்கம் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. நம்பர் கடை இல்லாத ஊரில் நம்பர் எழுதும் ஆளுக்குக் கொண்டாட்டம் என்று கெடா விவகாரத்தில் சிலர் எச்சரித்ததைத் தட்டிக்கழிக்க முடியாது.

அதற்காகக் கடைகள் பெருகட்டும் என்று விட்டுவிடலாமா? நியூசிலாந்தில் ஒரு நடு வழியைக் கண்டிருக்கிறார்கள். அங்கே மதுக்கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் உண்டு. ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளில்தான் அவை அதிகமாகக் குவிந்திருந்தன. 2003-இல் வந்த சட்டப்படி, இயந்திரங்களை எங்கே வைக்கலாம், எத்தனை வைக்கலாம் என்று ஒவ்வொரு ஊராட்சி மன்றமும் எழுத்தில் ஒரு கொள்கை வகுக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். கொள்கை வகுக்கும்போது ஊர்மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். பல மன்றங்கள் எடுத்த முடிவு இதுதான்: இருப்பதைப் பிடுங்க வேண்டாம், ஆனால் ஒரு கடை மூடினால் அதற்குப் பதில் இன்னொரு கடைக்கு லைசென்ஸ் கிடையாது. கிணற்றில் ஊற்று நின்றபின் தண்ணீர் மெதுவாக இறங்குவதைப் போல, எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வரும். திடீரென்று மூடும்போது பின்வாசல் திறக்கிறது, படிப்படியாக இறங்கும்போது அந்த வேகம் இருக்காது. எனக்குக் கெடா வழியைவிட இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

மன்றத்திடம் என்ன கேட்கலாம்?

நம் மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன, இன்றுவரை திரும்பவில்லை. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டு இல்லாததால் நமக்கு அங்கே பேச்சுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. நீங்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

கேட்க வேண்டியவை ஆகாயத்திலிருந்து நட்சத்திரத்தைப் பறித்துத் தரச் சொல்வதல்ல. புதிய சூதாட்டக் கடைக்கு லைசென்ஸ் வேண்டாம், மூடிய கடைக்குப் பதில் கடை வேண்டாம் என்பது முதலாவது. பள்ளிக்கூடம், கோயில், மசூதி, பஸ் நிலையம் ஆகியவற்றின் பக்கத்தில் எந்தக் காலத்திலும் வேண்டாம். கடைத்தெருவில் பரிசுத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டு மாட்டும் விளம்பரப் பலகைக்கும் மன்றத்தின் அனுமதிதான் தேவை. அந்தப் பலகையின் அளவைக் குறைக்கலாம். அதே வாசலில், "நிறுத்த முடியவில்லையா? இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ஓர் அறிவிப்பு வைக்கச் சொல்லலாம். 107-ஆவது பிரிவு சொல்லும் 'நிபந்தனை' என்பது இதைத்தான்.

அடுத்தது, வீடியோ கேம் என்றும் குடும்பப் பொழுதுபோக்கு என்றும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் காசு இயந்திரம் வைக்கும் கடைகள். நாட்டின் பல பட்டணங்களில் இது நடந்து, ஊராட்சி அதிகாரிகள் மின்சாரத்தை வெட்டி, கடைக்கு முத்திரை வைத்த செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்று தெரிய வந்தால் போலீசுக்கு மட்டும் சொன்னால் போதாது. மன்றத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். போலீஸ் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் கடைக்காரர் மறு வாரம் வேறு இயந்திரத்தோடு திறப்பார். லைசென்ஸ் போனால் அந்தக் கடையே போய்விடும்.

சம்பள வாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். சட்டப்படி மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். அதை அடுத்து வரும் சனி ஞாயிறில்தான் பெரும்பாலான வீடுகளில் பணம் கரைகிறது. அந்த இரண்டு நாளும் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் போக ஓர் இடம் உண்டா? மலையில் ஐந்து மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடுகிறது. லயத்துக்குள் முடங்கிக் கிடப்பவனுக்குக் கையில் போன்தான் துணை. ஒரு மூடிய பந்தாட்டக் கூடம், விளக்குப் போட்ட திடல், தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் சாயங்கால வண்டி, இவையும் சூதாட்டத்துக்கு மருந்துதான். வாசல் வரி வாங்கும் மன்றத்திடம் இவற்றைக் கேட்பது பிச்சையல்ல.

மன்றத்தால் முடியாதது

போனில் வரும் சூதாட்டத்தை மாவட்ட மன்றத்தால் தொட முடியாது. அதற்கு வாசலும் இல்லை, போர்டும் இல்லை. 1953-இல் சட்டம் எழுதியவர்கள் பெரட்டுக் களத்தில் நிற்கிறவனின் சட்டைப் பையில் ஒரு கேசினோ இருக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நம்பர் குலுக்கல் வாரத்துக்கு மூன்று நாள். போனில் உருளும் ஸ்லாட் மூன்று நொடிக்கு ஒரு தடவை. முதலில் கொஞ்சம் ஜெயிக்க விடுவான், பத்து இருபது வெள்ளி 'ஃபிரீ கிரெடிட்' கொடுப்பான். தோற்ற பணம் எங்கே போனது என்று கேட்கக் கடையும் கிடையாது, ஆளும் கிடையாது. நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தோழர்களிடமும் இது பரவியிருக்கிறது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை விட்டவனுக்கு ஊருக்குப் போன் பண்ணவும் முகமில்லாமல் போகிறது. அவர்களிடமும் நாலு வார்த்தை பேசுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் போகும் வழியைக் குறுக்குங்கள். சம்பளம் விழும் கணக்கை மனைவி பார்வையிடும்படி வைப்பது, போன் வாலட்டில் மேல்வரம்பைக் குறைப்பது, பேங்கில் நாள் வரம்பைக் குறைக்கச் சொல்வது. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் 'நெகிழ்வுக் கணக்கு' என்று மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேருகிறது, ஐம்பது வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு உதவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நோய் உள்ள வீட்டில் அந்தக் கணக்கின் மீது ஒரு கண் இருக்கட்டும். ஆசை வந்த நேரத்துக்கும் பணம் கைக்கு வரும் நேரத்துக்கும் இடையில் அரை நாள் தாமதம் இருந்தாலே பல தடவை ஆசை அடங்கிவிடும். இது ஆளுக்கு அவமானம் செய்வதல்ல. கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவதைப் போலத்தான்.

ஆலோங்கிடம் மாட்டியவர்களுக்கு இரண்டு வார்த்தை. லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அடமானம் வைத்தால் 12. வாரத்துக்குப் பத்துக் காசு வட்டி என்பவன் யார் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். உங்கள் அடையாளக் கார்டையோ பேங்க் கார்டையோ பிடித்து வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போகாதீர்கள். வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். பேங்க் கடன், கிரெடிட் கார்டு கடன் என்றால் 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது. தவணையைக் குறைத்துத் திட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. எண் 03-2616 7766.

நோய்க்குச் சிகிச்சை உண்டா என்றால், உண்டு. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பயிற்சி பெற்றவரோடு பல வாரம் உட்கார்ந்து பேசி, எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை துடிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு வேறு வழி பழகிக்கொள்வதுதான் சிகிச்சை. பலருக்குப் பலன் தந்திருக்கிறது. மனச்சோர்வோ தூக்கமின்மையோ சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பாருங்கள். "தூக்கமில்ல" என்று மட்டும் சொல்லாமல், "நம்பர் பழக்கம், விடமுடியல" என்று வாய் திறந்து சொல்லுங்கள். டாக்டர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுக்க வேண்டுமானால் அந்த ஒரு வாக்கியம் தேவை. மனநலப் பிரிவு என்றதும் பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து லயத்துக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் அனுமதியில்லை.

வாய் திறக்கக் கூச்சமாக இருந்தால் முதலில் போனில் பேசலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. கடன் தொல்லையில் இனி உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு யாருக்காவது வந்தால், அது இந்த நோயில் அடிக்கடி வரக்கூடிய நினைப்பு. அவரைத் தனியே விடாதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். தமிழ் பேசும் தொண்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மன்றத்துக்கு மனு எழுத நினைக்கும் தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு குறிப்பு. மனு மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கடை, எந்த ரோடு, என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்போது தாய்மார்களின் பெயர் முதலில் வரட்டும், நட்டத்தின் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. மன்றத் தலைவருக்கு ஒரு பிரதி, உங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று. மன்ற அலுவலகத்தில் கொடுக்கும்போது பெற்றுக்கொண்ட தேதியுடன் முத்திரை வாங்கி, அந்தப் பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். வியாபார லைசென்சுகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன, ஆகவே வருஷக் கடைசிக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும்.